வயிற்றெரிச்சல் சாட்சி

காலை ஏழரை மணிக்கு வானொலியில் ‘இதே நாளில் மெல்லிசை’ ஒலிபரப்பாகும். இதே நாளில் ஒரு பாடகி தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். இதே நாளில் நான்கு பேர் சேர்ந்த ஒரு குழு நான்கு குழுக்களாகப் பிரிந்தது. இதே நாளில் ஒரு கிதார்காரர் ஆவேசம் வந்து மேடையிலேயே கிதாரை அடித்து உடைத்தார். அவர் மறுநாள் கடைக்குப் போய்த் தவணையில் வேறு கிதார் வாங்கியதை மறுநாள்தான் சொல்வார்கள். தேதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு.

இந்தக் கண்டிப்புக்கெல்லாம் பொறுப்பு மெல்லிசை நாள் வாரியம். பெரிய கட்டடம். ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அறை, ஓர் அதிகாரி, ஒரு மேசைமணி. வாசலில் நுழைந்தால் ஜனவரி. மாடி ஏறினால் ஜூலை. பிப்ரவரிக்கு அறைகள் குறைவு என்பதால் மிச்சமிருந்த இடத்தில் கழிப்பறை கட்டிவிட்டார்கள். அதிலிருந்து பிப்ரவரி அதிகாரிகளுக்கு மற்ற மாதத்துக்காரர்களைக் கண்டாலே ஆகாது. மற்ற மாதத்துக்காரர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. யாருடைய தேதியில் முக்கியமான தருணங்கள் அதிகமோ அவருக்குத்தான் நல்ல நாற்காலி, நல்ல மின்விசிறி, நடைபாதையில் முதல் வணக்கம். என்றைக்கோ எவரோ பாடிவிட்டுப் போயிருப்பார்; அதற்கு இவர் இன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார்.

ஒரு தருணம் முக்கியமானதா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? ஆரம்பத்தில் வாரியம் வந்ததையெல்லாம் ஏற்றுக்கொண்டது. உடனே ஊரில் இருக்கிற அண்ணன் மகள், அக்கா மருமகன் எல்லோருடைய முதல் மேடையும் வரலாறாகிவிட்டது. பிறகு ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு நிறையத் தேநீர் குடித்து, நிறைய யோசித்து, ஒரு உண்மையைக் கண்டுபிடித்தது. பாடியவனைக் கேட்கக் கூடாது, அவன் தன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வான். கைதட்டியவனையும் கேட்கக் கூடாது, அவன் எதற்கும் தட்டுவான். வயிறு எரிந்தவனைத்தான் கேட்க வேண்டும். அன்றிலிருந்து சட்டம் இதுதான்: உயிரோடு இருக்கிற ஒருவர் நேரில் வந்து, “அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது” என்று சொல்ல வேண்டும். சொன்னால் அது வரலாறு. எந்தத் தேதியில் எரிந்ததோ அதுதான் அந்தத் தருணத்தின் தேதி.

யோசித்துப் பார்த்தால் உலகத்தில் எந்த வாரியமும் இவ்வளவு சரியான அளவுகோலைக் கண்டுபிடித்ததில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் ஸ்பீக்கர்காரரைப் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஸ்பீக்கர்காரர் என்றால் ஸ்பீக்கர் பழுதுபார்ப்பவர். கடை ஒரே அறை. கிழிந்த காகிதக் கூம்புகள், கம்பிச் சுருள்கள், உருகிய ஈயத்தின் வாசனை. ஒரு காலத்தில் அவர் பாடகராக இருந்தவர். ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில் வாராவாரம் பாடுகிற சின்னக் குழுவுக்கு அவர்தான் குரல். பின்னால் நின்று கிதார் வாசித்தவன் அவர் மனைவியின் தம்பி. ஒரு மார்ச் ஒன்பதாம் தேதி மாலை, இரண்டு பாட்டு முடிந்ததும் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மச்சானைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். அவன் மூன்றாவது பாட்டைப் பாடினான். கீழே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்காரர். அதோடு கதை முடிந்தது, அல்லது மச்சானின் கதை ஆரம்பித்தது. இன்று ஊர் அவனைத் தேன்குரல் என்கிறது. அந்தப் பாட்டின் மூன்றாவது வரியில், ஒரு சொல்லின் நடுவே, அவன் ஒரு நொடி நிறுத்துவான். அரங்கமே சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பீக்கர்காரர் கடையில் எந்த ஸ்பீக்கரைச் சரிசெய்தாலும் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் சோதித்துக் காட்டுவார். “இவனுக்கு மைக்கைக் கொடுத்ததே நான்தான்” என்பார். “பெரிய மனசு சார் உங்களுக்கு” என்று வாடிக்கையாளர் சொல்வார். இவர் தலையைக் குனிந்துகொள்வார். பாட்டு போயிற்று, மேடை போயிற்று, கூட்டம் போயிற்று. பெரிய மனசு என்கிற பெயர் ஒன்றுதான் மிச்சம். அதை நல்ல சட்டை மாதிரி தினமும் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார்.

ஒரு நாள் காலை தேன்குரலே கறுப்புக் கண்ணாடியோடு கடைக்குள் வந்து, ஒரு உடைந்த ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உட்கார்ந்தான்.

“மாமா, ஒரு உதவி வேணும்.”

“சொல்லு மச்சான்.”

“நீங்க என்னைப் பார்த்து வயிறு எரிஞ்சிருக்கணும்.”

ஸ்பீக்கர்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மச்சான் விளக்கினான். அவனுடைய முதல் பாட்டு இன்னும் வரலாற்றில் இல்லை. சாட்சி கிடைக்கவில்லை. அந்தக் காலத்துப் போட்டிப் பாடகர்களில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் மன்னித்துவிட்டார், மற்றவர்கள் ரசிகர்களாகிவிட்டார்கள்.

“எனக்கு அப்புறம் வந்த சின்னப் பசங்க எல்லாம் ஏறிட்டாங்க மாமா. நேத்து காலையில ஒருத்தன் பேர் வந்தது. இருமினதையெல்லாம் தருணம்னு வாசிக்கறாங்க. எனக்குச் சாப்பாடு இறங்கல. உங்களை விட்டா எனக்கு யார் இருக்கா?”

“டேய், உனக்கு மைக்கைக் கொடுத்தவன் நான். கொடுத்தவன் எப்படிடா எரிவான்?”

“கொடுத்துட்டு எரியலாமே. நெறைய பேர் அப்படித்தான்.”

“எனக்கு எரியலடா.”

“யோசிச்சுப் பாருங்க மாமா. எங்கேயாவது கொஞ்சம் எரிஞ்சிருக்கும்.”

மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவியும் அதையே பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தைதானேங்க. எரிஞ்சுதுன்னு சொன்னா உங்க வயித்துல ஓட்டையா விழப்போகுது? தம்பி ஆசைப்படறான்.”

“அப்போ இத்தனை வருஷமா எனக்குப் பெரிய மனசுன்னு ஊரே சொல்லிட்டிருக்கே?”

“ஊரு எங்க சொல்லுது? நீங்கதான் சொல்ல வைக்கறீங்க” என்று சொல்லிவிட்டு அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவருக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெரிய மனசுச் சட்டையையும் கழற்றிக் கொடுக்கச் சொல்கிறார்கள், அதுவும் அவனுக்கு.

ஆனாலும் போனார். சாப்பிடாமல் வரும்படி வாரியம் சொல்லியிருந்தது. சாப்பிட்டு வந்தால் வயிற்றில் எரிவது பொறாமையா, காலையில் தின்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

மார்ச் மாத நடைபாதையில் ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடித்த கைக்குட்டை, பழகிய முகபாவம். “எந்த வருஷம் எரிஞ்சீங்க?” என்று கேட்டார்.

“எனக்கு எரியலைங்க.”

“புதுசா? மொதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. நானும் கூச்சப்பட்டேன். இப்போ பாருங்க, இதுவரைக்கும் எத்தனை பேரை வரலாத்துல ஏத்திவிட்டிருக்கேன். ஒருத்தனாவது ரோட்டுல பார்த்தா நின்னு பேசறானா? அதை நெனச்சா அதுக்குத் தனியா எரியுது.” ஸ்பீக்கர்காரர் சொந்த மச்சானுக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. “சொந்தத்துலயே எரிச்சலா? கொடுத்து வச்சவரு. எனக்கு எல்லாம் அடுத்தவன்தான்” என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் ஒன்பதின் அறையில் விசிறி இருந்தது, சுற்றவில்லை. அதிகாரி ஸ்பீக்கர்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, வாங்க. உங்களை மாதிரி ஒரு வயிறு என் தேதிக்குக் கிடைக்கணும்னுதான் காத்திட்டிருந்தேன். என் தேதியில என்ன இருக்கு? ஒரு டிரம்பெட்காரர் ரயிலைத் தவற விட்டிருக்கார். அவ்வளவுதான். அதையும் பக்கத்து அறை பத்தாம் தேதி அம்மா, ரயில் தாமதம், நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பிச்சு, அதனால அவர் தவற விட்டது பத்தாம் தேதின்னு வழக்குப் போட்டிருக்காங்க. அவங்க தேதியில தங்க இசைத்தட்டு மட்டும் ஒன்பது! கம்பளம் போட்டிருக்காங்க சார். நான் தினமும் கதவு இடுக்குல அந்தக் கம்பளத்தைப் பார்த்துட்டுத்தான் உள்ளே வரேன். இசைன்னா எனக்கு உயிர். அந்தக் கம்பளம் மாதிரி ஒண்ணு இந்த அறைக்கும் வந்தா நான் இசைக்கு இன்னும் எவ்வளவோ செய்வேன்.”

பிறகு சோதனை தொடங்கியது. அதிகாரி தேன்குரலின் வீட்டுப் படத்தைக் காட்டினார். வீட்டின் தோட்டத்தைக் காட்டினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஆளைக் காட்டினார். “ஏதாவது பண்ணுதா? கீழ் வயித்துல? பிசையற மாதிரி?” ஸ்பீக்கர்காரரின் வயிறு கடமுடாவென்று சத்தம் போட்டது. அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். காலையிலிருந்து பட்டினி என்று இவர் சொன்னதும் சோர்ந்துபோய், ‘இரைச்சல் உண்டு, எரிச்சல் விளங்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தால் பத்தாம் தேதி அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அந்த ஆளு சொல்றதை நம்பாதீங்க. மைக்கைக் கொடுக்கும்போது யாருக்காவது எரியுமா? மறுநாள் காலையில பேப்பர்ல அவன் படத்தைப் பார்த்தப்போதானே எரிஞ்சிருக்கும்? மறுநாள்னா என்ன தேதி? பத்து. எரிஞ்ச தேதிதான் கணக்கு.”

“உங்ககிட்டத்தான் நிறைய இருக்காமேம்மா. இதை அவருக்கு விட்டுக்கொடுத்தா என்ன?”

அந்த அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “நிறைய இருக்கறவங்களுக்குத்தான் ஒண்ணு போனா தாங்காது. இல்லாதவரு பழகிக்கிட்டாரு.”

விசாரணை ஒரு மத்தியானம் பெரிய கூடத்தில் நடந்தது. தேன்குரல் முன்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்பதாம் தேதி இடப்பக்கம், பத்தாம் தேதி வலப்பக்கம். தலைவர் வந்ததும் வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்றார்கள். அதில் ராகம் வந்துவிடக் கூடாது. ராகம் வந்தால் ஏதாவது ஒரு தேதியின் பாட்டுக்குச் சாதகமாகிவிடும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “எனக்கு இசை தெரியாது. இதை நான் பெருமையோடு சொல்றேன். தெரிஞ்சிருந்தா எனக்குப் பிடிச்சது, பிடிக்காததுன்னு வந்துடும். எனக்கு முன்னாடி இருந்த தலைவருக்குக் கொஞ்சம் புல்லாங்குழல் தெரியும். அதனாலதான் அவரை எடுக்க வேண்டியதாப் போச்சு. அவரு வாசிக்கறதைக் கேட்டு அழுதவங்க உண்டு. நானும் அழுதிருக்கேன், வேற காரணத்துக்காக. போகட்டும். சாட்சி சொல்லலாம். உங்களுக்கு வயிறு எரிந்ததா, இல்லையா?”

ஸ்பீக்கர்காரர் எழுந்தார். இல்லை என்று சொல்லத்தான் எழுந்தார். கூடம் முழுக்க அவர் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் தேதி கும்பிடாத குறை. மச்சான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு ஏக்கம். இவ்வளவும் கிடைத்த பிறகும் இன்னும் ஒன்றுக்காக அலைகிறானே என்று பார்த்த அந்த நொடியில் இவருக்குள் ஏதோ பிடி விட்டுப்போயிற்று.

“எரிஞ்சுது” என்றார்.

ஒன்பதாம் தேதி துள்ளிக் குதித்தார். “ஒன்பதாம் தேதிதானே?”

“இல்ல.”

“பத்து!” என்றார் அந்த அம்மா.

“அதுவும் இல்ல. அன்னிக்கு நான் மனசார மைக்கைக் கொடுத்தேன். பேப்பர்ல படத்தைப் பார்த்து நாலு பேருக்குக் காட்டினேன். பொய் இல்ல. அப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நாள், என்ன தேதின்னு தெரியல, மழை பெஞ்சிட்டிருந்தது, நான் கடையிலேருந்து சீக்கிரம் வந்துட்டேன். இவ உள்ளே துணி தேய்ச்சிட்டிருந்தா. அந்தப் பாட்டை முணுமுணுத்துட்டிருந்தா. மூணாவது வரியில நிறுத்துனா.” அவர் தன் மனைவியைப் பார்க்கவில்லை. “அந்த நிறுத்தம் என்னோடதுங்க. நான்தான் மொட்டை மாடியில அப்படிப் பாடுவேன். எனக்கு அந்த இடத்துல மூச்சுப் பத்தாது. என் பின்னாடி நின்னு வாசிச்சவன், அப்படியே எடுத்துக்கிட்டான். எடுத்துக்கட்டும். ஊரு பூரா அவன் நிறுத்தம்னு சொன்னப்போகூட எனக்கு எரியல. என் வீட்டுக்குள்ள, என் பொண்டாட்டி வாயில அவன் பாட்டு வந்து உக்காந்துக்கிச்சு பாருங்க, அன்னிக்கு எரிஞ்சுது. வாசல்லயே செருப்பைக் கழட்டாம நின்னேன். அப்புறம் இன்னைக்கு வரைக்கும் அணையல.”

பின்வரிசையில் பெஞ்சுக்காரர், “அருமை” என்று கைக்குட்டையை எடுத்தார்.

மனைவி எழுந்தாள். கோபமாக இருந்தாள். “அதுக்குத்தான் அன்னிலேருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கீங்களா? நான் முணுமுணுத்தது இவன் பாட்டுன்னு யாரு சொன்னா?”

“மூணாவது வரியில நிறுத்துனியே.”

“நிறுத்துனேன். இவன் நிறுத்தறது ஸ்டைலு. அப்படியே சுத்தமா நிக்கும். நீங்க நிறுத்துனா மூச்சு வாங்கும், அது வெளியில கேக்கும். மைக்ல கூடக் கேக்கும். நான் அதைத்தான் பாடுவேன். இங்க பாருங்க.” வாரியத்தின் கூடம், தலைவர், அதிகாரிகள் எதையும் பொருட்படுத்தாமல் அவள் அந்த வரியை முணுமுணுத்தாள். சொல்லின் நடுவில் நிறுத்தி, மாடிப்படி ஏறி வந்த ஆள் மாதிரி ஒரு மூச்சை இழுத்துவிட்டு, மிச்சத்தைப் பாடினாள். “எனக்குப் புடிச்சதே அந்த மூச்சுதான். கேஸட்டுல அது இல்ல.”

ஸ்பீக்கர்காரர் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “அப்போ சாட்சி எரிஞ்சது தவறான தகவலின் பேரில். தவறான தகவலின் பேரில் ஏற்பட்ட எரிச்சல் செல்லாது. எரிச்சல் செல்லாததால், தேன்குரல் அவர்களின் முதல் பாட்டு இதுவரை நடக்கவில்லை.”

“ஐயா, ஒரு நிமிஷம்!” என்று கத்தினார் பத்தாம் தேதி அம்மா. தொழில்காரரின் கண் அது. “அவரைப் பாருங்க! தேன்குரலைப் பாருங்க! அவருக்கு எரியுது!”

எல்லோரும் திரும்பினார்கள். எரிந்துகொண்டுதான் இருந்தது. காதுமடல் வரை சிவந்திருந்தான். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, எனக்கென்ன” என்று அவன் சொன்ன விதத்திலேயே பெஞ்சுக்காரர் சபாஷ் போட்டார்.

எரிச்சல் இருந்தால் தருணம் இருந்தாக வேண்டும். எந்தத் தருணத்தைப் பார்த்து எரிகிறான்? அக்கா, தன் கணவர் பாடியபடி முணுமுணுத்த தருணத்தை. இன்றைய தேதிக்காரர் முந்திக்கொள்வதற்குள் ஒன்பதாம் தேதி பாய்ந்து வந்தார். “அம்மா, நீங்க அப்படி முணுமுணுக்கறது எந்தத் தேதியிலம்மா?”

“தேதி என்ன தேதி? தினமும்தான்.”

“மார்ச் ஒன்பதாம் தேதியும்?”

“அன்னிக்கு மட்டும் வாயைக் கட்டியா வச்சிருப்பேன்?”

அடுத்த நொடி கூடத்தின் கதவு திறந்துகொண்டது. எப்படித்தான் செய்தி போனதோ, ஜனவரி முழுக்க உள்ளே வந்தது. மாடியிலிருந்து ஜூலையும் ஆகஸ்டும் இறங்கி வந்தன. பிப்ரவரி தன் பழைய கணக்கையெல்லாம் தீர்க்கிற வேகத்தில் முட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. “என் தேதியில தேய்ச்ச துணி என்ன கலரும்மா?” என்று ஒருவர். “என் தேதியிலதான் முதல்ல முணுமுணுத்தாங்க” என்று ஒருவர். எல்லாத் தேதிக்கும் ஒரே தருணம், ஒரே எடை என்று தெரிந்ததும் பத்தாம் தேதி அம்மா வெளிறிப்போனார். எல்லோருக்கும் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அவர் யாரைப் பார்த்துப் பெருமைப்படுவது?

தலைவர் மேசைமணியை அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் எழுந்து நின்றார். முகத்தில் வேர்வை.

“இந்த விண்ணப்பம் நிராகரிக்கப்படுது. எல்லாத்தையும் எல்லாருக்கும் கொடுத்துட்டா அப்புறம் எவன் எவனைப் பார்த்து எரிவான்? வாரியம் எதுக்கு? நான் எதுக்கு? ஒரு நாள் நடந்தா அது வரலாறு. தினமும் நடந்தா அது குடித்தனம். குடித்தனத்தை வாரியம் பதிவு செய்யாது.”

முத்திரை விழுந்தது. தேதிகள் முனகிக்கொண்டே தங்கள் அறைகளுக்குத் திரும்பின. ஒன்பதாம் தேதி மட்டும் சுவரில் சாய்ந்து நின்று, “ஒரு ரயில்தான் எனக்கு எழுதியிருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வாசலில் தேன்குரலின் நீளமான கார் நின்றது. “ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்” என்றான். அக்காவும் மாமாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். அவன் சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

“அக்கா, நான் பாடற மாதிரி ஒரு தடவைகூட முணுமுணுத்ததில்லையா?”

“உன் பாட்டைத்தான் ஊரே பாடுதே. நானும் பாடணுமா?” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் கணவரின் தோளில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு நூலை எடுத்து வெளியே போட்டாள்.

“அதுவும் சரிதான். எனக்குச் சந்தோஷம்தான் அக்கா. மாமா நல்லாப் பாடுவாரு, நான்தான் எல்லார்கிட்டயும் சொல்வேன்” என்றான் மச்சான்.

ஸ்பீக்கர்காரர் முன்னாலிருந்த கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். உதடு சிரித்துக்கொண்டிருந்தது, கண் சிரிக்கவில்லை. பெரிய மனசுக்காரரின் முகம். இத்தனை வருஷமாகத் தினமும் காலையில் அவர் சவரம் செய்துவந்தது அந்த முகத்தைத்தான்.